கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் வேலை

லண்டனின் மேற்கே, ஐல்வேர்த்தில் இருக்கும் வெஸ்ட் மிடில்செக்ஸ் வைத்தியசாலை 1935இல் மிடில்செக்ஸ் கவுண்டி கவுன்சிலின் கையில் இருந்தது. பக்கத்தில் பழைய ஏழைகள் விடுதி ஒன்றும் அதன் நோயாளர் கட்டடமும் இருந்தன. ஏழைச் சட்டத்தின் கீழ் நடந்துவந்த அப்படியான விடுதிகளை 1929ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் கவுன்சில்களிடம் ஒப்படைத்திருந்தது. 1935இல் அந்த நோயாளர் கட்டடத்தை வைத்தியசாலையோடு சேர்த்தார்கள். அங்கே நாட்பட்ட நோயாளர் என்று பெயர் குத்தப்பட்டுக் கிடந்த 714 பேரைப் பார்க்கும் பொறுப்பு மார்ஜரி வாரன் என்ற பெண் வைத்தியருக்கு வந்தது.

அவர் முதலில் செய்தது, ஒவ்வொருவரையும் ஒரு நோயாளியைச் சோதிக்கிற மாதிரிச் சோதித்தது. அதுவரை அவர்களை யாரும் அப்படிச் சோதிக்கவில்லை. ஏழை, வயோதிபர், எழும்ப மாட்டார் என்பதோடு கதை முடிந்திருந்தது. எழும்ப முடியாமல் கிடக்கிறவர் யார், யாரும் எழுப்பாததால் கிடக்கிறவர் யார் என்று வாரன் பிரித்துப் பார்த்தார். இரண்டாவது கூட்டம் பெரிதாக இருந்தது. வார்டுக்கு வெளிச்சம் கூட்டினார், சுவருக்கு நல்ல நிறம் பூசுவித்தார், பிடித்து நடக்கக் கம்பிகளும் நடைச் சட்டங்களும் கேட்டு வாங்கினார். தாதிமாரையும் உடற்பயிற்சி தெரிந்தவர்களையும் ஒன்றாக வேலை செய்யவைத்தார். வருடக்கணக்காகக் கிடந்தவர்கள் கதிரையில் இருந்தார்கள், பிறகு நடந்தார்கள், ஒரு பகுதியினர் வீட்டுக்கே போனார்கள். 1943இலும் 1946இலும் இதை அவர் மருத்துவச் சஞ்சிகைகளில் எழுதினார். முதியோர் மருத்துவம் இங்கிலாந்தில் ஒரு தனித்துறையாக வளர்ந்தது அங்கிருந்துதான்.

அதே காலத்தில் எசெக்ஸில் ஓர்செட் வைத்தியசாலையில் லயனல் கோசின் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், இடுப்பெலும்பு முறிந்த கிழவிகளைக் கட்டிலிலேயே விட்டுவிடாமல், எலும்பைச் சரிசெய்து உடனே எழுப்பி நடக்கவைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒக்ஸ்போர்டுக்குப் போய், பகலில் வந்து பயிற்சி எடுத்துவிட்டு இரவில் வீட்டுக்குத் திரும்பும் வைத்தியசாலை முறையைத் தொடங்கினார். 1947இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற வைத்தியர், கட்டிலில் கிடப்பதால் உடம்புக்கு வரும் ஆபத்துகளைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். தசை கரையும், மூட்டு இறுகும், இரத்தம் உறையும், மலம் கட்டும், மனமும் சோர்ந்துவிடும்.

மேற்கு லண்டன் கவுன்சில் ஒன்றுக்காக வேலை செய்யும் எனக்கு இந்தப் பழைய கதைகள் முக்கியம். வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வந்தவர்களிடம், அல்லது வீட்டிலேயே விழுந்தெழும்பித் தளர்ந்துபோனவர்களிடம் என்னை அனுப்புவார்கள். ஆறு வாரம் வரைக்கும் போவோம். அவர்களைக் குளிப்பாட்டுவது எங்கள் வேலை இல்லை. மறுபடியும் தாங்களே குளிக்கும் நிலைக்கு அவர்களைக் கொண்டுவருவதுதான் வேலை. ரீஏபிள்மென்ட் என்று இங்கே சொல்வார்கள். பருத்தித்துறையில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்துவிட்டு இங்கே கெயரராக வந்த எனக்கு, ஒரு விதத்தில் இது பழைய தொழிலேதான்.

வாரன் வார்டில் கண்டுபிடித்தது கவுன்சில்காரர் வீட்டுக்கு அனுப்பும் உதவிக்குள் வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஏன் அவ்வளவு காலம் என்று யோசித்தால், வீட்டு உதவி வேறு வேரிலிருந்து வளர்ந்தது என்பது தெரியும். 1918ஆம் ஆண்டின் தாய் சேய் நலச் சட்டம்தான் முதலில் கவுன்சில்கள் வீட்டுக்கு உதவியாள் அனுப்ப இடம் கொடுத்தது, அதுவும் பிள்ளை பெற்ற தாய்மாருக்கு. இரண்டாம் உலகப் போரின்போது, வீட்டில் இருந்த பெண்கள் தொழிற்சாலைகளுக்குப் போய்விட, நோயாளிகளையும் முதியவர்களையும் பார்க்க ஆள் இல்லாமல் போனது. 1944இல் ஒரு போர்க்கால ஒழுங்குவிதி அவர்களுக்கும் உதவியாளை அனுப்ப அனுமதித்தது. 1946இன் தேசிய சுகாதார சேவைச் சட்டம் அதை நிரந்தரமாக்கியது. ஆனால் கவுன்சில் விரும்பினால் செய்யலாம், கட்டாயம் இல்லை. 1968இல் போட்ட சட்டம் அதைக் கடமையாக்கி, 1971இல்தான் நடைமுறைக்கு வந்தது.

‘ஹோம் ஹெல்ப்’ என்று அழைக்கப்பட்ட அந்தப் பெண்களை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிற முதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடுப்புச் சாம்பலை அள்ளி, கரி போட்டு நெருப்பு மூட்டி, கடைக்குப் போய், தபாற்கந்தோரில் பென்சன் எடுத்து வந்து, யன்னல் துடைத்துவிட்டுப் போவார்கள். வருடக்கணக்கில் அதே பெண்தான் வருவாள். அது ஒரு பெரிய நன்மை, இன்றைக்கு நாம் இழந்துவிட்ட நன்மை. ஆனால் அந்தச் சேவை ஒருவருக்காகச் செய்துகொடுக்கும் சேவையாகவே பிறந்தது. ஒரு முறை தொடங்கினால் சாகும்வரை போகும். ஆளைத் திரும்பவும் எழுப்புவது வைத்தியசாலையின் பாடு, வீட்டைப் பார்ப்பது கவுன்சிலின் பாடு என்று 1948இல் இரண்டும் வெவ்வேறு திசையில் பிரிந்துபோயின. அந்த வருடம் கவுன்சில்கள் தங்கள் வைத்தியசாலைகளைத் தேசிய சேவையிடம் கொடுத்துவிட்டன. வாரனின் வார்டும் அப்படியே போனது. முதியோர் இல்லங்களும் வீட்டு உதவியும் கவுன்சில்களின் கையில் மிஞ்சின. இந்தப் பிரிவினையின் விலையை இன்றைக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் எண்ணம்.

அடுத்த திருப்பத்தைப் பணம் கொண்டுவந்தது. 1980களில், வசதியில்லாத முதியவர் தனியார் இல்லத்துக்குப் போனால் செலவை மத்திய அரசின் சமூகக் கொடுப்பனவு ஏற்றுக்கொண்டது. அவர் தன் வீட்டிலேயே இருக்க விரும்பினால் கவுன்சில்தான் தன் பையிலிருந்து கொடுக்க வேண்டும். வீட்டில் வைத்துப் பார்ப்பதைவிட இல்லத்துக்கு அனுப்புவது கவுன்சிலுக்கு இலகுவாகிவிட்டது. 1979இல் ஏறக்குறைய ஒரு கோடி பவுணாக இருந்த அந்தச் செலவு 1990களின் தொடக்கத்தில் நூறு கோடியை நன்றாகத் தாண்டியிருந்தது. கணக்காய்வு ஆணைக்குழு 1986இல் இதைச் சுட்டிக்காட்டியது. செயின்ஸ்பரி கடைகளை நிர்வகித்த சேர் ரோய் கிரிஃபித்ஸ் 1988இல் அறிக்கை கொடுத்தார். 1990இன் சமூகப் பராமரிப்புச் சட்டம் 1993 ஏப்ரலில் முழுதாக நடைமுறைக்கு வந்தபோது கவுன்சில்தான் பொறுப்பு என்றானது. ஆனால் கவுன்சில் தானே செய்வதை விட்டு, தேவையைக் கணித்து வெளியில் வாங்கும் நிறுவனமாக மாற வேண்டியிருந்தது. கைமாறி வந்த பணத்தில் 85 வீதத்தைத் தனியார், தன்னார்வ நிறுவனங்களிடமே செலவிட வேண்டும் என்று நிபந்தனை. அதுவரை கவுன்சில் பணத்தில் நடந்த வீட்டு உதவி ஏறக்குறைய முழுவதையும் கவுன்சிலின் சொந்த ஊழியர்களே செய்தார்கள். இருபது வருடத்தில் அது தலைகீழானது.

நான் இந்த வேலைக்குள் வந்தது அந்தத் தலைகீழ் மாற்றத்தின் நடுவில்தான். ஒரு தனியார் கம்பனி. கிளையன்ட் வீட்டுக்குள் நுழைந்ததும் அவருடைய தொலைபேசியிலிருந்து இலவச எண்ணுக்கு அழைத்து நேரத்தைப் பதிய வேண்டும், வெளியேறும்போதும் அப்படியே. கவுன்சில் கம்பனிக்கு நிமிடக் கணக்கில் காசு கொடுக்கும், கம்பனி எங்களுக்கு நிமிடக் கணக்கில் கொடுக்கும். இரண்டு வீட்டுக்கு இடையில் பஸ்ஸுக்காக நிற்கும் நேரத்துக்குக் காசு இல்லை. காலையில் அரை மணித்தியாலம், மத்தியானம் பதினைந்து நிமிடம், பின்னேரம் பதினைந்து நிமிடம். கோப்பில் இப்படி எழுதியிருக்கும்: கழுவு, உடுத்து, காலைச் சாப்பாடு, மாத்திரை.

பதினைந்து நிமிடத்தில் கை நடுங்கும் ஒரு மனிதரைச் சட்டைப் பொத்தான் போட விட்டால் சாப்பாட்டுக்கு நேரம் இராது. அதனால் நாமே போடுவோம். விரைவாக, அன்பாகத்தான் போடுவோம். முதல் வாரம் அவர் தன் கையை நீட்டித் தானே போடப் பார்ப்பார். மூன்றாம் வாரம் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். இரண்டாம் மாதம் அந்தக் கை உயரவே மாட்டாது. பிறகு ஒரு மறுமதிப்பீடு வரும், பொத்தான் போட முடியாதவர், உதவி நேரத்தைக் கூட்ட வேண்டும் என்று எழுதுவார்கள். அங்கே யாரும் கெட்டவர் இல்லை. காசு கொடுக்கும் முறை அப்படிச் செய்ய வைத்தது. அந்தக் கம்பனியில் இருந்த காலத்தில் நான் நன்றாக வேலை செய்பவள் என்று பேர் எடுத்தேன். ஒரு மனிதரின் இரண்டு கைகளையும் அவரிடமிருந்து வாங்கிக்கொள்வதில் நான் கெட்டிக்காரியாக இருந்தேன் என்பதைத்தான் அந்தப் பேர் குறித்தது.

இதை எதிர்த்து முதலில் எழும்பியவை சில கவுன்சில்கள்தான் என்பதைச் சொல்ல வேண்டும். கவுன்சில்களைத் திட்டுவது இங்கே வழக்கம், இந்த விஷயத்தில் அது நியாயம் இல்லை. 2000ஆம் ஆண்டளவில் லெஸ்டர்ஷயர் கவுண்டி கவுன்சில் தன் வீட்டு உதவி ஊழியர்களில் ஒரு பகுதியைத் தனிக் குழுவாக்கியது. வீட்டு உதவி கேட்டு வருகிறவர்களை முதலில் அந்தக் குழு எடுக்கும், சில வாரம் கூட நின்று என்ன திரும்பி வருகிறது என்று பார்க்கும், அதன்பிறகே நிரந்தர உதவி எவ்வளவு என்று தீர்மானிக்கும். டி மொன்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் அதை மதிப்பிட்டபோது, முதல் மீளாய்விலேயே பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதன்பின் உதவி தேவைப்படவில்லை. வழக்கமான உதவி பெற்றவர்களில் அப்படி விலகியவர்கள் மிகச் சொற்பம். இரு பக்கமும் வீட்டு உதவி கேட்டு வந்தவர்கள்தான், பார்த்தவர்களும் வீட்டு உதவி ஊழியர்கள்தான். செய்யச் சொன்ன வேலைதான் வேறு. வாரன் கண்ட இரண்டாவது கூட்டம் இந்தத் தடவை தத்தமது வீட்டுக் குசினியில் இருந்தது.

அடுத்த பத்து வருடத்தில் இது நாடு முழுவதும் பரவியதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று வைத்தியசாலைக் கட்டில். உடம்பு தேறியும் போக வழியில்லாமல் கட்டிலில் இருக்கும் முதியவர்கள் சுகாதார அமைச்சுக்குப் பெரிய தலையிடியாக இருந்தார்கள். 2001இல் இடைக்காலப் பராமரிப்பு என்று ஒரு திட்டம் வகுத்தபோது, அது வழக்கமாக ஆறு வாரத்துக்கு மேல் போகாது என்று சுற்றறிக்கையில் எழுதினார்கள். 2003இல் வந்த சட்டம், கவுன்சிலின் தாமதத்தால் ஒருவர் வைத்தியசாலையில் தங்கினால் நாட்கணக்குப்படி கவுன்சில் பணம் கட்ட வேண்டும் என்றது. கூடவே அந்த ஆறு வாரத்துக்கு முதியவரிடம் காசு கேட்கக்கூடாது என்றும் விதி வந்தது. இன்று நாங்கள் வேதவாக்கு மாதிரிச் சொல்லும் ஆறு வாரம் அப்படித்தான் பிறந்தது. தொடை எலும்பு கூடும் காலத்தையோ, பக்கவாதத்துக்குப் பிறகு மூளை பாதை தேடும் காலத்தையோ அளந்து வைத்த எண் அல்ல அது.

மற்றக் காரணம் சிக்கனம். சுகாதார அமைச்சின் கீழ் இயங்கிய செயற்திறன் பிரிவு ஒன்று, லெஸ்டர்ஷயர் மாதிரியான கவுன்சில்களின் அனுபவத்தைத் திரட்டி, இது காசு மிச்சம் பிடிக்கும் என்று மற்றக் கவுன்சில்களுக்குக் காட்டியது. பல இடங்களில் பழைய ஹோம் ஹெல்ப் பெண்களில் எஞ்சியிருந்தவர்களையே புதுப் பயிற்சி கொடுத்து இந்தக் குழுக்களுக்கு மாற்றினார்கள். நானும் கம்பனியை விட்டு அப்படியான குழு ஒன்றுக்கு மாறினேன்.

பயிற்சியின் முதல் நாளே எங்களுக்குச் சொன்னது, கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள் என்பதுதான். தொழிற்சிகிச்சையாளர் ஒருவர் கற்றுத்தந்தார். எலிசபெத் காசன் என்ற வைத்தியர் 1930இல் பிரிஸ்டலில் நாட்டின் முதல் தொழிற்சிகிச்சைக் கல்லூரியைத் தொடங்கியதிலிருந்து அவர்கள் வளர்த்த நுட்பங்கள் எல்லாம் கெயரர்களான எங்களுக்கு அன்றுவரை யாரும் சொல்லித்தராதவை. பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போடும்போது பலவீனமான கை முதலில் போக வேண்டும், கழற்றும்போது கடைசியில் வர வேண்டும். காலுறை போடப் பழக்குவதென்றால் முழுவதையும் அவரிடம் கொடுக்கக்கூடாது. கணுக்கால் வரைக்கும் நாம் இழுத்துவிட்டு, கடைசி இழுப்பை அவருக்கு விட வேண்டும். அது சரிவந்தால் அடுத்த நாள் குதிக்காலிலிருந்து, பிறகு விரலிலிருந்து. பின்னாலிருந்து முன்னுக்கு வருகிற இந்த வழியில், ஒவ்வொரு நாளும் வேலையை முடித்தவர் அவராகவே இருப்பார். ஆசிரியையாக இருந்த காலத்தில் எனக்கு இது தெரிந்திருந்தால் எத்தனை பிள்ளைகளுக்கு உதவியிருக்கும்.

சாமான்களும் அதேபோல. உயரமாக, முன்பக்கம் சரிந்த ஆசனத்தோடு, பாதி நின்றபடி பாதி இருந்தபடி வேலை செய்ய ஒரு ஸ்டூல் உண்டு. கொதிநீர்க் கேத்தலைத் தூக்காமல் சரித்து ஊற்ற ஒரு சட்டம், குனியாமல் காலுறை போட ஒரு பிளாஸ்டிக் பட்டை, தொட்டியின் குறுக்கே போட்டுக் குளிக்க ஒரு பலகை. இப்படியான சாமான்களைக் கவுன்சில் காசில்லாமலே கொடுக்க வேண்டும். எங்கள் தமிழ் வீடுகளில் அந்தக் குளியல் பலகைக்கு மரியாதை இல்லை. தொட்டிக்குள் காலைத் தூக்கி வைக்க எங்கள் அம்மாக்களுக்குப் பயம். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் வாளியும் கோப்பையும் கொடுத்தால் இரண்டாம் நாளே தாங்களே அள்ளி வார்த்துக்கொள்வார்கள். இதைத் தொழிற்சிகிச்சையாளருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இப்போது எங்கள் குழுவில் அது வழக்கமாகிவிட்டது.

சவுத்தோல் பக்கம் ஒரு வீடு. இடுப்பு முறிந்து பாதி மூட்டு மாற்றிய ஓர் அம்மா, எங்கள் ஊர்ப் பக்கத்தவர். முதல் நாள் எல்லாரிடமும் கேட்பதுபோல், ஆறு வாரத்தில் என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று கேட்டேன். வைத்தியசாலைத் தாளில், ‘பாதுகாப்பாக நடமாடுதல்’ என்று எழுதியிருந்தார்கள். அம்மா சொன்னது வேறு: “வெள்ளிக்கிழமை ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போக வேணும். என்ர கையால புட்டு அவிக்க வேணும்.” அப்படியே எழுதினேன். எது எழுதப்படுகிறதோ அதற்குத்தான் நேரம் கிடைக்கும்.

மகள் நல்ல பிள்ளை. வேலைக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவுக்குப் பக்கத்திலேயே நின்றாள். சோட்டியைத் தலைவழியே போட அம்மா மூன்றாம் தரம் முயன்றுகொண்டிருந்தபோது அவளுக்குத் தாங்கவில்லை.

“அக்கா, அம்மா இவ்வளவு பாடுபடுறா. நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பாத்துக்கொண்டு நிக்கிறியள். இதுக்கோ கவுன்சில் உங்களை அனுப்பினது?”

“ஓம் பிள்ளை, இதுக்குத்தான்.”

அவள் அழுதுவிட்டாள். தாய்க்குச் செய்வது எங்களுக்கு அன்பு மட்டும் இல்லை, கடனும்கூட. கடல் கடந்து வந்து அம்மாவைத் தன்னிடம் எடுத்து வைத்திருக்கிற ஒரு மகளிடம், நீ செய்யாமல் இருப்பதுதான் உதவி என்று சொல்வது எவ்வளவு கொடுமையாகக் காதில் விழும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அவளைக் குசினிக்குக் கூட்டிப்போய், தேத்தண்ணி ஊற்றச் சொல்லிவிட்டு, அம்மாவிடம் திரும்பி வந்தேன். சோட்டி போட்டாகிவிட்டது. பின்பக்கம் முன்னுக்கு வந்திருந்தது. அம்மா அதைக் கண்டு, தானே கழற்றி மறுபடி போட்டார். ஐந்தாவது வாரம் அந்த உயரமான ஸ்டூலில் இருந்து மா குழைத்தார். கோயிலுக்கு மகளின் காரில் போனார். படியில் கைத்தடியோடு ஏறினார். அதன்பின் அவருக்குக் கவுன்சிலின் உதவி தேவைப்படவில்லை.

எல்லாரும் அப்படி இல்லை. மறதி நோய் முற்றியவர்கள், நுரையீரல் கெட்டவர்கள், இனிமேல் எதையும் திரும்பப் பெற விரும்பாதவர்கள் இருக்கிறார்கள். தொண்ணூறைத் தாண்டிய ஒருவர் என்னைப் பார்த்து, நான் எழுபது வருடம் உழைத்தேன், என் சப்பாத்தை நீங்களே போட்டுவிடுங்கள் என்றார். போட்டுவிட்டேன். அந்த உரிமையும் அவருக்கு உண்டு என்றே நினைக்கிறேன். தானாகச் செய்வதை ஒரு தேர்வாக மாற்றி, தேறாதவர்களைக் குற்றவாளியாக்கும் குரல் சில அலுவலகங்களில் எழும்புவதுண்டு. அதை நான் வெறுக்கிறேன்.

யோர்க், கென்ட் பல்கலைக்கழகங்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வுதான் இந்தத் துறையில் அதிகம் பேசப்பட்டது. ரீஏபிள்மென்ட் கொடுக்கும் ஐந்து கவுன்சில்களையும் வழக்கமான உதவி கொடுக்கும் ஐந்தையும் ஒரு வருடம் ஒப்பிட்டார்கள். ரீஏபிள்மென்ட் பெற்றவர்களுக்குப் பின்னர் தேவைப்பட்ட சமூகப் பராமரிப்பின் செலவு ஏறக்குறைய 60 வீதம் குறைந்தது. ஆனால் ரீஏபிள்மென்டுக்கு ஆன செலவையும் சேர்த்துப் பார்த்தால் அந்த ஒரு வருடத்தில் மிச்சம் பெரிதாக எதுவும் இல்லை. கூடியது அவர்களின் வாழ்க்கைத் தரம். கவுன்சில் கூட்டங்களில் முதல் எண்ணை மட்டும் காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதர் தன் கட்டிலில் தானே ஏறிப் படுப்பது காசு மிச்சம் பிடிக்காவிட்டாலும் செய்ய வேண்டிய காரியம் என்பதை அங்கே யாராவது எழுந்து சொல்ல வேண்டும்.

அதே 2010 ஒக்டோபரில் அப்போதைய சுகாதார அமைச்சர் அன்ட்ரூ லான்ஸ்லி இதற்காக 7 கோடி பவுண் ஒதுக்கினார். பணம் வந்தது சுகாதார சேவையின் வழியாக. நோக்கம், வீட்டுக்குப் போனவர் முப்பது நாளுக்குள் வைத்தியசாலைக்குத் திரும்பி வராமல் பார்ப்பது. அன்றிலிருந்து எங்கள் வேலை வைத்தியசாலை வாசலை நோக்கித் திரும்பிவிட்டது. அரசாங்கம் கேட்கும் கணக்கே அப்படி: வைத்தியசாலையிலிருந்து ரீஏபிள்மென்டுக்கு வந்த 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் எத்தனை வீதம் 91ஆம் நாள் தங்கள் வீட்டில் இருக்கிறார்கள்? நாடு முழுவதும் அது பல வருடமாக 82 வீதத்தை ஒட்டியே நின்றுவந்தது. நல்ல எண்தான். ஆனால் வைத்தியசாலைக்கே போகாமல், கணவன் செத்த துக்கத்தில் சமைக்காமல், குளிக்காமல் வீட்டுக்குள் மெல்லத் தளரும் ஒரு பெண் அந்தக் கணக்கில் வரவே மாட்டாள். அவளைப் பக்கத்து வீட்டார் பார்த்துச் சொன்னாலும், கட்டில் காலியாக வேண்டிய அவசரத்தில் அவளுடைய பெயர் பட்டியலின் அடிக்குப் போகும். 2020இல் கோவிட் வந்து வைத்தியசாலைகளை அவசரமாகக் காலியாக்கிய நாட்களில் இந்தச் சாய்வு இன்னும் கூடியது.

சட்டம் இதைவிட அகலமாகவே இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம், தேவை வராமல் தடுப்பதும் தள்ளிப்போடுவதும் கவுன்சிலின் கடமை என்கிறது. அதன் விதிகள் ஆறு வாரம் வரை காசு வாங்கக்கூடாது என்கின்றன. வழிகாட்டி நூலோ ஆறு வாரம் மதில் இல்லை, பார்வை இழந்தவர் போன்றவர்களுக்கு அதற்கு மேலும் போகலாம் என்கிறது. 2017இல், பராமரிப்புத் தரங்களை வகுக்கும் நைஸ் அமைப்பும் இதற்கு ஒரு வழிகாட்டல் வெளியிட்டது. டென்மார்க்கில், வீட்டு உதவி கொடுப்பதற்கு முன் இப்படியான பயிற்சி பலன் தருமா என்று பார்த்துக் கொடுப்பதை 2015இல் நகரசபைகளின் சட்டக் கடமையாக்கினார்கள்.

ஒரு கவுன்சில் இதை எப்படி வாங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சில தங்கள் சொந்த ஊழியர்களையே வைத்திருக்கின்றன. சில தாங்களே ஒரு கம்பனியை உருவாக்கி அதற்கு மாற்றிவிட்டன. சில வெளியே டெண்டர் விடுகின்றன. டெண்டரிலும் இரண்டு வழி. வாரத்துக்கு இத்தனை மணித்தியாலம் என்று மொத்தமாக வாங்கினால், இன்று ஒருவருக்கு ஒரு மணித்தியாலம், தேறிய இன்னொருவருக்குப் பத்து நிமிடம் என்று நாங்களே பிரித்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஆள் நிமிடக் கணக்கில் வாங்கினால், ஒருவர் தேறும் ஒவ்வொரு நாளும் கம்பனிக்கு வருமானம் குறையும். வில்ட்ஷயர் கவுன்சில், நிமிடத்தை விட்டு, முதியவர் அடைந்த பலனுக்குக் காசு கொடுக்கும் ஒப்பந்தம் ஒன்றை முயன்று பார்த்தது. அதிலும் சிக்கல் உண்டு, பலன் வராது என்று தெரிந்தவர்களை எடுக்க யாருக்கும் மனம் வராது. மொத்தமாக வாங்கும் முறையோடு, குழுவில் ஒரு தொழிற்சிகிச்சையாளர் கட்டாயம் என்ற நிபந்தனையும் சேர்ந்ததுதான் எனக்குத் தெரிந்தவரை நன்றாக நடக்கிறது.

இவ்வளவையும் சரியாகச் செய்தாலும் ஏழாவது வாரம் வரும். சிலருக்குச் சிறு உதவி மிஞ்சும். அது வருமானத்தையும் சேமிப்பையும் பார்த்துக் காசு வாங்கும் உதவி. 23,250 பவுணுக்கு மேல் சேமிப்பு உள்ளவர் முழுச் செலவையும் தானே கட்ட வேண்டும். அந்த எல்லை 2010இலிருந்து அசையவில்லை. வேலை ஒரு தனியார் ஏஜென்சிக்குப் போகும், அவர்களுக்கு மறுபடியும் நிமிடக் கணக்கு. வருகிற பெண் பிள்ளைகள் நல்லவர்கள், கேரளத்திலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் சிம்பாப்வேயிலிருந்தும் வந்தவர்கள், நான் வந்த காலத்தைவிட இன்னும் நெருக்கடியில் வேலை செய்கிறார்கள். அவர்களுக்காக நாங்கள் எழுதும் ஒப்படைப்புத் தாளில் முதல் வரிகளை நான் பெரிய எழுத்தில் எழுதுவேன்: பொத்தான்களை இவரே போடுவார், ஏழு நிமிடம் ஆகும். மேற்சட்டையின் இடது கையை மட்டும் பிடித்துக் கொடுங்கள். கேத்தலில் பாதித் தண்ணீர் விட்டுவைத்தால் தேத்தண்ணியை அவரே ஊற்றுவார். அந்தத் தாளைக் கவுன்சிலின் மதிப்பீட்டு அதிகாரிக்கும் அனுப்பி, காலை நேரத்தை முப்பது நிமிடத்திலிருந்து நாற்பத்தைந்தாகக் கூட்டச் சொல்லிக் கேட்பேன். உதவி குறைந்த ஒருவருக்கு நேரத்தை ஏன் கூட்ட வேண்டும் என்று பதில் வரும். தொலைபேசியில் கூப்பிட்டு, அவர் தானே செய்வதற்குத்தான் அந்தப் பதினைந்து நிமிடம் என்று விளக்குவேன். சில நேரம் கொடுப்பார்கள்.